பழைய பயணிகள் விமான பிளாஸ்டிக் கிட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களிலிருந்து 70-கள் வரை வந்த பயணிகள் விமானக் கிட்டுகளை, அதாவது பாகங்களை ஒட்டிச் சிறு மாதிரி விமானம் செய்யும் பிளாஸ்டிக் பெட்டிகளை, தேடிப்பிடித்து ஒட்டுவதுதான் பல வருடங்களாக என் ஓய்வு நேர வேலை. போர் விமானம் கட்டுகிறவர்களுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. பயணிகள் விமானத்தின் சிக்கல்கள் வேறு: வரிசையாக ஜன்னல்கள், பளபளக்கும் வெள்ளை, மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும் மாடல், மஞ்சளாகிப்போன டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலம்). புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

எந்தக் கிட்டுகளைப் 'பழையவை' என்கிறீர்கள்?

ஜெட் பயணம் பிறந்த காலத்தையொட்டி வந்தவற்றை. 1958 அக்டோபரில் சில வார இடைவெளியில் பிரிட்டனின் காமெட் 4-உம், அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707-உம் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச்செல்லத் தொடங்கின. பிளாஸ்டிக் கிட் தொழிலும் அப்போது நல்ல வளர்ச்சியில் இருந்தது. அமெரிக்காவில் ரெவெல், ஆரோரா, பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ், ஃப்ராக், பிரான்சில் ஹெல்லர், கிழக்கு ஜெர்மனியில் பிளாஸ்டிகார்ட். இவை ஒவ்வொன்றும் தன் நாட்டு வானத்தைப் பெட்டிக்குள் அடைத்தன. ஏர்ஃபிக்ஸ் பெட்டியைத் திறந்தால் பிரிட்டனின் பிஇஏ விமான நிறுவனத்தின் வேன்கார்டும் ட்ரைடன்டும் கிடைக்கும். பிளாஸ்டிகார்ட் பெட்டியில் கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளுக் விமான நிறுவனத்தின் டுபோலெவ் 134-உம் இல்யூஷின் 62-உம் இருக்கும்.

1/139, 1/128, 1/115 என்று அளவு தாறுமாறாக இருக்கிறதே, ஏன்?

1/139 என்றால் உண்மையான விமானத்தின் 139-இல் ஒரு பங்கு. ரெவெல் அப்போது விமானத்துக்கு ஏற்ற பெட்டி செய்யவில்லை, பெட்டிக்கு ஏற்ற விமானம் செய்தது. கடை அலமாரியில் ஒரே அளவுப் பெட்டிகள் அடுக்கப்பட வேண்டும். உள்ளே வருவது எவ்வளவு சுருங்குமோ அதுதான் அளவு. அதனால்தான் அவர்களுடைய சூப்பர் கான்ஸ்டலேஷன் 1/128, டிசி-7 1/122, எலெக்ட்ரா 1/115, கான்வேர் 990 1/135, 707 1/139, டிசி-8 1/143. இதைப் பெட்டி அளவு என்பார்கள். ஏர்ஃபிக்ஸ் மட்டும் தன் ஸ்கைகிங் வரிசையில் 1/144-ஐப் பிடித்துக்கொண்டது. 1/72-இல் சரிபாதி அது. ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அடி. பிளாஸ்டிகார்ட் 1/100 என்றது. கணக்குக்கு அதைவிட எளிதானது கிடையாது: இல்யூஷின் 62-இன் நீளம் 53 மீட்டர், மாடல் 53 சென்டிமீட்டர்.

ஒரே அலமாரியில் கலந்து வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். முதல் ரக 707-இன் நீளம் ஏறத்தாழ 44 மீட்டர். 1/144-இல் அது முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல், 1/139-இல் அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

பழைய பெட்டியையே தேட வேண்டுமா, மறுவெளியீடு போதுமா?

முதல் மாடலுக்கு மறுவெளியீடே நல்லது. கிட் நிறுவனம் மூடினாலும் எஃகு அச்சு சாவதில்லை, கை மாறிக்கொண்டே போகும். ஃப்ராக்கின் அச்சுகளில் பல 1970-களில் சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் வெளிவந்தன. ஆரோராவின் அச்சுகள் மோனோகிராமுக்குப் போயின. 2018-இல் ரெவெலின் அமெரிக்கத் தாய் நிறுவனம் திவாலானபோது, நியூயார்க் மாநிலத்தின் அட்லாண்டிஸ் நிறுவனம் பழைய அச்சுகளை மொத்தமாக வாங்கியது. அதன் பிறகு ரெவெலின் 707-உம் கான்வேர் 990-உம் புத்தம்புது டெக்காலுடன் மறுபடி கடைக்கு வந்தன. பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பது அதே அறுபதாண்டுப் பழைய உருவம்தான்.

ஒரு எச்சரிக்கை: பாகத்தின் உட்புறம் வார்க்கப்பட்டிருக்கும் வருடம் அச்சு செய்த வருடம். பெட்டி எப்போது வந்தது என்பதை அது சொல்லாது. '1960-களின் அசல்' என்று விலை சொன்னால், பெட்டியின் வடிவமைப்பையும் எண்ணையும் கிட்டுகளைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாகங்களை எண்ணுங்கள். அப்புறம் அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே, பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. அடிபட்ட பெட்டிகளில் இறக்கை வளைந்திருப்பது சாதாரணம். கை பொறுக்காத அளவு சூடான நீரில் சில நிமிடம் வைத்து, மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்குங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பாலிஸ்டைரின் 100 டிகிரி அருகே இளகிவிடும், இறக்கை ஈரத்துணிபோல் தொங்கும்.

பழைய கிட்டில் உருவத் தவறுகள் இருக்குமே, திருத்த வேண்டுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். என் பதில் இது: காலம் கெடுத்ததைச் சரிசெய்யுங்கள், செய்தவர்கள் நினைத்ததை விட்டுவையுங்கள்.

இந்தக் கிட்டுகளில் சில, விமானம் பயணிகளை ஏற்றுவதற்கு முன்பே வரைபடங்களையும் முன்மாதிரிகளையும் பார்த்துச் செய்யப்பட்டவை. கான்கார்டின் முன்மாதிரியை வைத்து வந்த கிட்டுகளில் விமானியின் கண்ணாடிக்கு முன்னால் வரும் மூக்கு மறைப்பு உலோகத்தால் ஆனது, கண்ணாடி குறைவு. பிறகு விமான நிறுவனங்கள் ஓட்டிய கான்கார்டில் பெரிய கண்ணாடி வந்தது, உடலும் நீண்டது. முதல் கால 747-இன் மேல்தளத்தில் பக்கத்துக்கு மூன்றே ஜன்னல்கள். பின்னால் வந்த படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கிட்டின் தவறு என்று நினைத்து ஜன்னல் சேர்க்கிறார்கள். அது தவறல்ல, 1970 ஜனவரியில் பான் ஆம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறக்கவிட்ட விமானம் அப்படித்தான் இருந்தது.

இன்னும் ஒரு படி மேலே போனால் ரெவெலின் போயிங் எஸ்எஸ்டி. இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் அமெரிக்க ஒலிமிஞ்சு விமானம். அந்த நகரும் இறக்கையை 1968-இல் போயிங்கே கைவிட்டது. 1971 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் திட்டத்துக்கே பணம் கொடுக்க மறுத்தது. பறக்காத விமானத்தின் கிட்டில் எதைத் திருத்துவது? அது அப்படி நினைத்த காலத்தின் சாட்சி. அதை அதன் வடிவத்திலேயே சுத்தமாக, இடைவெளி தெரியாமல் ஒட்டுவதுதான் நாம் அதற்குச் செய்யும் மரியாதை என்று உறுதியாக நம்புகிறேன்.

அச்சு வழிந்த பிசிறு, இடைவெளி, வளைவு, சுருங்கிய குழி ஆகியவற்றை மட்டும் இரக்கமில்லாமல் சரிசெய்யுங்கள்.

எந்தப் பசை?

பெட்டிக்குள் இருக்கும் பழைய டியூப் பசை காய்ந்திருக்கும், தூக்கிப்போடுங்கள். உடலின் இரு பாதிகளுக்கும் தண்ணீர்போன்ற திரவப் பசைதான் சரி. பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், இடுக்கு வழியே தானாக ஓடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது. லேசாக அழுத்தினால் இணைப்பில் ஒரு சிறு வரப்பு பிதுங்கி வரும். அதை விடுங்கள், ஒரு வாரம் கழித்து உப்புத்தாளால் தேய்த்தால் பட்டி இல்லாமலே இணைப்பு மறைந்துவிடும். அந்த ஒரு வாரம் முக்கியம். அவசரப்பட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், பிளாஸ்டிக் உள்ளே காயக் காய இணைப்பு பள்ளமாகி, பளபளப்பான வெள்ளையில் கோடாகத் தெரியும். என் முதல் காமெட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

சூப்பர் குளூவைக் கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெண்புகை படிந்ததுபோல் ஆகும்.

முடித்த மாடல் வாலில் உட்கார்ந்துவிடுகிறது. எவ்வளவு எடை வைக்க வேண்டும்?

கிராம் கணக்கு சொல்ல மாட்டேன், ஏனென்றால் கிட்டுக்குக் கிட் மாறும். சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். எதையும் ஒட்டுவதற்கு முன், உடல், இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே இரண்டு விரல்களை வைத்துத் தூக்குங்கள். மூக்கின் மேல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே வாருங்கள். மூக்கு தெளிவாகக் கீழே சாயும்போது நிறுத்தி, அதற்கு மேல் கால்பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியும் பெயின்டும் பின்பாதியிலும் சேரும். எஞ்சின்கள் வாலில் இருக்கும் கேரவெல், ட்ரைடன்ட், விசி10, 727 ஆகியவற்றில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. வால்சக்கரம் உள்ள டிசி-3-க்கு இந்தக் கவலையே இல்லை.

எடைக்குத் தூண்டில் ஈயக்குண்டு எளிது. ஆனால் அதை ஃபெவிகால்போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டி மூடிவிடாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தைத் தின்று வெண்பொடியாக்கும், பொடி ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும், சில வருடங்களில் மூக்கின் இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அறிகுறியும் இருக்காது, திடீரென்று ஒரு நாள் விரிசல் தெரியும். அரால்டைட் எபாக்சி பசையில் பதியுங்கள். ஈயத்துக்குப் பதில் இரும்பு நட்டுகளைப் பயன்படுத்தினால் இன்னும் நிம்மதி. ஈயத்தைத் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஜன்னல்களைத் திறந்தே வைப்பதா, அடைத்துவிட்டு டெக்கால் ஒட்டுவதா?

ஏர்ஃபிக்ஸ் ஸ்கைகிங் கிட்டுகளில் ஜன்னல்களுக்கு ஒளிபுகும் பட்டை ஒன்று வரும், உடலின் உள்பக்கத்திலிருந்து பொருத்த வேண்டும். இன்று பலர் பட்டையை ஒட்டி, மேலே பட்டி பூசித் தேய்த்து மறைத்து, ஜன்னலை டெக்காலாக ஒட்டுகிறார்கள். தேய்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் சுலபம் என்பது உண்மை. எனக்கு உண்மையான ஜன்னல்தான் பிடிக்கும். விளக்கருகே மாடலைத் திருப்பும்போது ஒரு பக்க ஜன்னல் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிகிறதே, அதற்கு எந்த டெக்காலும் ஈடாகாது.

திறந்து வைப்பதானால் ஒரு வழி: பட்டையைப் பொருத்தாமல் உடலை ஒட்டி, தேய்த்து, பெயின்ட், டெக்கால் எல்லாம் முடித்துவிடுங்கள். கடைசியில் பல்குச்சியால் ஃபெவிகாலை ஒவ்வொரு துளையிலும் சுற்றி இழுத்தால் ஒரு படலம் நிற்கும், காய்ந்தால் ஏறக்குறையக் கண்ணாடியாகிவிடும். சிறிய துளைகளுக்கு நன்றாக வரும். ஈரம் பட்டால் மறுபடி வெளுக்கும் என்பதால் அதன் மேல் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வையுங்கள். உடலை ஒட்டுமுன் உள்பக்கம் கருப்போ அடர் சாம்பலோ அடிக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் ஊறி, மொத்த மாடலும் பொம்மைபோல் தோன்றும்.

மேடாக இருக்கும் தகட்டுக் கோடுகளைத் தேய்த்துப் புதிதாகக் கீற வேண்டுமா?

வேண்டாம். 1/144-இல் உண்மையான தகட்டு இணைப்பு கண்ணுக்கே தெரியாது. லேசாகத் தேய்த்து மழுக்கினால் போதும். ஒரே விதிவிலக்கு, 1950-களின் சில கிட்டுகளில் டெக்கால் ஒட்ட வேண்டிய இடத்தையே மேடான கோடாக வார்த்திருப்பார்கள். அவற்றை முழுக்கத் தேய்த்துவிடுங்கள், டெக்கால் அதன் மேல் படியாது.

வெள்ளைப் பெயின்ட் நன்றாக வர என்ன வழி?

முதலில் சாம்பல் பிரைமர். பட்டியின் குறைகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அப்புறம் வெள்ளையை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின். எனாமல் வெள்ளை இருட்டில் இருந்தால் வருடங்களில் மஞ்சளாகும், அக்ரிலிக் அப்படி ஆகாது. மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் லாக்கர் காயும்போது மேற்பரப்பு பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும்.

சிவப்பு இருந்தால் வரிசை முக்கியம். 1960-களின் பிஇஏ விமானங்களுக்கு இறக்கை முழுதும் சிவப்பு. சிவப்பை முதலில் அடித்து அதன் மேல் வெள்ளை பட்டால், சில சிவப்புகள் ஊறி வெள்ளையை இளஞ்சிவப்பாக்கும். வெள்ளை முதலில், அதை டேப்பால் மறைத்துவிட்டுச் சிவப்பு பிறகு.

உடலின் கீழ்ப்பாதி வெற்று உலோகமாக இருந்தால் ஒரே வெள்ளியை முழுக்க அடிக்க வேண்டாம். பழைய படங்களைப் பாருங்கள், ஒவ்வொரு தகடும் வேறு வெளிச்சம் காட்டும். 707, 747 இறக்கைகளின் நடுப்பகுதி கோரோகார்டு என்ற சாம்பல் காப்புப் பூச்சு. முன்விளிம்பு மட்டும் பளிச்சென்ற உலோகம். இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டினாலே இறக்கைக்கு உயிர் வந்துவிடும்.

டெக்கால் தாள் பழுப்பாகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். தாளை ஜிப் பையில் காற்றுப்புகாமல் போட்டு, அச்சுப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நாளொன்றுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெயிலின் புறஊதாக் கதிர் மஞ்சளை வெளுக்கும். சில நாளில் முடியலாம், சில வாரமும் ஆகலாம். நம் ஊர்க் கோடை வெயிலில் நேரடியாக மொட்டைமாடியில் வைத்துவிட வேண்டாம், தாள் சுருண்டு படலம் வெடிக்கும்.

அடுத்தது, ஒட்டுமுன் சோதனை. தேவையில்லாத ஒரு சிறு துண்டை, அறிவுறுத்தல் எண்ணையோ நிறுவனப் பெயரையோ, வெட்டித் தண்ணீரில் போடுங்கள். முழுதாக நழுவினால் நல்லது. துண்டுதுண்டாகச் சிதறினால், மீதித் தாள் முழுவதற்கும் மைக்ரோஸ்கேலின் டெக்கால் படலத் திரவத்தையோ தெளிவான ஸ்ப்ரே வார்னிஷையோ அடித்துக் காயவிடுங்கள். அதன்பின் தாள் முழுவதும் ஒரே படலமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் விளிம்பொட்டி நறுக்க வேண்டும். ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு வேன்கார்டின் நீளப் பட்டையைத் தண்ணீரில் போட்டேன். ஒட்டவே முடியாத முப்பது நாற்பது சில்லுகளாக மிதந்தது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

எதையும் செய்யுமுன் தாளை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால், 26 டெகால்ஸ், டிரா டெகால் போன்றவர்கள் பழைய விமான நிறுவனங்களின் டெக்கால்களைப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள்.

ஏர் இந்தியா, ஏர் சிலோன் விமானங்களைப் பழைய கிட்டுகளில் செய்யலாமா?

செய்யலாம், ரகம் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய மலபார் பிரின்சஸ் ஒரு கான்ஸ்டலேஷன் 749. ரெவெலின் 1/128 கிட் நீளம் கூடிய சூப்பர் கான்ஸ்டலேஷன். ஏர் இந்தியா 1950-களில் பின்னர் வாங்கிய விமானங்களுக்குத்தான் அது பொருந்தும். மலபார் பிரின்சஸ் வேண்டுமென்றால் ஹெல்லரின் 1/72 கான்ஸ்டலேஷன் 749-ஐப் பாருங்கள். இறக்கை விரிப்பு அரை மீட்டருக்கு மேல், இடம் பார்த்து வாங்குங்கள்.

1960-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த 707-437 விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே எஞ்சின்கள். பல 707 கிட்டுகளில் வரும் பிராட் அண்ட் விட்னி விசிறி எஞ்சினுக்கு முன்பக்கம் பருத்த உறை இருக்கும், கான்வேக்கு அது கிடையாது. பின்னால் வந்த 707-337-இல் விசிறி எஞ்சின்தான். டெக்கால் வாங்குமுன் இதைத் தீர்மானியுங்கள்.

ஏர் சிலோன் 1969-இல் வாங்கியது ட்ரைடன்ட் 1இ. ஏர்ஃபிக்ஸ் தருவது பிஇஏவின் 1சி. உடல் சரி, இறக்கை நுனியைப் பக்கத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். மூக்குச் சக்கரம் நடுக்கோட்டில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி இருக்கிறதே என்று பதறாதீர்கள். உண்மையான ட்ரைடன்டிலும் அது அப்படித்தான், பக்கவாட்டில் மடங்கும்.

யாரோ பழைய காலத்தில் ஒட்டிய மாடல் கிடைத்தது. மீட்கலாமா?

மீட்பது கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டுவதைவிட இனிய வேலை. டியூப் பசையில் ஒட்டிய இணைப்புகள் வயதானால் நொறுங்கும் தன்மை பெறும். பையில் போட்டுச் சில மணிநேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, இணைப்பில் மெல்ல வளைத்துப் பாருங்கள், பல சமயம் டக்கென்று விடும். அக்ரிலிக் பெயின்ட் ஐசோபுரோபில் ஆல்கஹாலில் கழன்றுவிடும். பழைய எனாமலுக்குக் காரம் கலந்த அடுப்புச் சுத்திகரிப்பான், கையுறையோடு, திறந்த இடத்தில். தின்னர் மட்டும் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கே கரையும்.

சீல் பிரிக்காத பெட்டி. திறந்தால் மதிப்பு போய்விடுமே?

விற்கப்போகிறீர்கள் என்றால் திறக்காதீர்கள். கட்டப்போகிறீர்கள் என்றால் திறங்கள். பெட்டி ஓவியத்தை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். ஏர்ஃபிக்ஸுக்காக 1964 முதல் 1974 வரை ராய் கிராஸ் வரைந்தவை அந்த ஓவியங்களில் தனி இடம் பெற்றவை. உள்ளே டெக்கால் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகிறது, சீல் அதைத் தடுப்பதில்லை.

முடித்த மாடலை எங்கே வைப்பது?

நேர் வெயில் படாத கண்ணாடி அலமாரியில். மிருதுவான வினைல் டயர்கள் உள்ள கிட் என்றால், டயருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்துக்கும் நடுவே பெயின்ட் பூச்சு இருக்கட்டும். வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ச்சத்து பாலிஸ்டைரினை உருக்கிவிடும். துணி பீரோவில் பெட்டிகளை அடுக்குகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: அந்துருண்டையின் ஆவியும் பாலிஸ்டைரினை இளக்கும். பெட்டி மூடித்தான் இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உருண்டைகளை எடுத்துவிட்டு, கரப்பானுக்கும் பூச்சிக்கும் வேறு வழி பாருங்கள்.